ஜானகியம்மாள் ஒட்டிய சிவப்பு அம்புகள்

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவின் பொறுப்பாளர் ஜானகியம்மாள். பத்தொன்பது ஆண்டுகளாகத் தையலில் விட்டுப்போன ஒரு நூலோ, துணியில் விழுந்த ஓர் ஓட்டையோ அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. அந்தக் கண்ணை அவர் தம் தட்டின் பக்கம் திருப்பியதும் இல்லை.

ஐப்பசியில் அவருடைய வலது முழங்கால் வீங்கியது. அழுத்திப் பார்த்த மருத்துவர், "எலும்பு நல்லாத்தாம்மா இருக்கு. சுமைதான் அதிகம். ஏழு கிலோ குறைங்க, நின்னு வேலை பார்க்கலாம். இல்லைன்னா உட்கார்ந்து பார்க்கிற வேலையாப் பாருங்க" என்றார்.

மறுநாள், மருத்துவர் சொன்னதைக் கேள்விப்பட்ட மேலாளர் பூபாலன் அழைத்தார். கெட்ட செய்தியையும் மரியாதை குறையாமல் சொல்லும் மனிதர்.

"தை கடைசில பெரிய ஷிப்மென்ட் இருக்குதுங்கம்மா. இன்ஸ்பெக்சன் அன்னைக்கு ஆறு மணி நேரம் டேபிள்ல நிக்கோணும். முடியலீன்னா பிசிர் நூல் வெட்டற பக்கம் நாற்காலி போட்டுத் தாரேன். இன்சார்ஜ் பொறுப்ப வேற ஒருத்தருக்குக் குடுத்தர்றேன். தப்பா நெனைக்காதீங்க."

எப்படித் தப்பாக நினைக்காமல் இருப்பது? பிசிர் வெட்டுவது இழிந்த வேலை அன்று. உழைப்பில் இழிவு ஏது? ஆனால் அந்த நாற்காலியிலிருந்துதான் அவர் எழுந்து வந்தார். பிசிர் வெட்டி, அளவெடுக்கக் கற்று, ஆண்கள் மட்டுமே வகித்த பொறுப்பை வாங்கி, முப்பது பெண்களுக்குத் தலைமை ஏற்றார். அறிவு குறைந்ததென்று இறக்கினால் இறங்கலாம். முழங்கால் வீங்கியதென்று இறங்குவதா? தை மாதம் நின்றே தீர்வது என்று ஜானகியம்மாள் முடிவு செய்தார்.

மனிதன் அஞ்சும் இடத்தில் கடை போட ஒரு வணிகம் காத்திருக்கும். அடுத்த வாரமே மதிய உணவு வேளையில் தீனதயாளன் வந்தார். கழுத்தில் டை, கையில் டின், சட்டையில் 'நல்வாழ்வு ஆலோசகர்' என்ற வில்லை. 'மெல்லிடை-90' என்னும் உடல் இளைக்கும் திட்டத்தின் முகவர். அவர் நீட்டிய டேப்பை வாங்கி, பக்கத்து மேசைக்காரி மெஹ்ஜபின் ஜானகியம்மாளின் இடுப்பைச் சுற்றி அளந்தாள். நாற்பத்திரண்டு அங்குலம். தீனதயாளன் படிவத்தில் எழுதிக்கொண்டார்.

"காலையில ஒரு டம்ளர் பவுடர், ராத்திரி ஒரு டம்ளர் பவுடர், மத்தியானம் வெள்ளரிக்காய். தொண்ணூறு நாள்ல உங்க வீட்டுக்காரருக்கே உங்கள அடையாளம் தெரியாது மேடம்!"

"இப்பவே தெரியறதில்லீங்க. போனத்தான் பார்த்துட்டு இருக்காரு" என்றார் ஜானகியம்மாள். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே பணத்தைக் கட்டினார்.

முதல் வாரம் இரண்டு கிலோ குறைந்தது. நாள்தோறும் கைப்பேசியில் 'சூப்பர் மேடம்!' என்று செய்தி வந்தது. இரண்டாம் வாரம் வயிறு கலகம் செய்தது. நாலு மணி டீக்கு, துணி மூட்டைகளின் மறைவில் நின்றவரை மெஹ்ஜபின் கண்டுபிடித்தாள்.

"யக்கா, கையில இருக்கறது திட்டத்துல எத்தனாவது டம்ளரு?"

"போண்டா புள்ள. மூணாவது. சத்தம் போடாத."

பட்டினி கிடந்த உடல் பழிவாங்காமல் விடுமா? காலையில் தூள், மாலையில் போண்டா, இரவில் தூள், அதற்கு மேல் தாங்காமல் ஒரு தட்டுச் சோறு. மாதம் முடிந்தபோது மருந்துக்கடை எடை எந்திரம் பழைய எடையையே காட்டியது.

அன்று, 'உங்கள் புதிய இடுப்பளவை அனுப்பவும்' என்று செய்தி வந்தது. வேலைக்கு நடுவில் ஜானகியம்மாள் டேப்பைச் சுற்றிப் பார்த்து ஓர் எண்ணை அனுப்பினார். இரண்டே நாளில் தீனதயாளன் கூவிக்கொண்டு அழைத்தார்: ஞாயிற்றுக்கிழமை காங்கேயம் சாலைக் கல்யாண மண்டபத்தில் விழா, அவருக்குச் சிறப்பு விருது!

"எதுக்குங்க?"

"மேடையில சொல்றோம் மேடம், சஸ்பென்ஸ்!"

தூளைத் தவறாமல் வாங்கியதற்காக இருக்கும் என்று எண்ணி, மெஹ்ஜபினை அழைத்துக்கொண்டு போனார். மண்டபம் நிறைய பனியன் கம்பெனிப் பெண்கள். ஜானகியம்மாளை மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். திரையில் அவர் படம் தோன்றியது. அதன் கீழே: 'நாற்பத்திரண்டு அங்குலத்திலிருந்து இருபத்தொன்று! முப்பதே நாளில் இடுப்பு பாதி!'

ஜானகியம்மாள் திரையைப் பார்த்தார். தம் இடுப்பைப் பார்த்தார். பிறகு ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார்.

"ஒரு நிமிசங்க. நான் செக்கிங்ல இருக்கறவ. நம்மெல்லாம் எப்படி அளவெழுதுவோம்? பீஸ டேபிள்ல விரிச்சுப் போட்டு, குறுக்கால அளந்து, சுத்தளவுல பாதியத்தான எழுதுவோம்? பத்தொம்பது வருசக் கைப்பழக்கம். எம்பட இடுப்பையும் பாதியாக்கி எழுதிட்டேனுங்க. மீதிப் பாதி எங்கயும் போகல. இங்கதான் நிக்குது!"

வேறு ஊரென்றால் இதை விளக்க ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அங்கே அமர்ந்திருந்த ஒவ்வொருத்தியும் நாள்தோறும் மேசையில் பாதியளவு எழுதுகிறவள். மண்டபம் வெடித்துச் சிரித்தது.

"மேடம், மைக்கக் குடுங்க" என்று தீனதயாளன் ஓடி வந்தார்.

"தாரனுங்க, இருங்க. இருபத்தோரு இஞ்சு அஞ்சு வயசுக் கொழந்தைக்கு லெக்கின்ஸ் தெக்கற அளவு. தெனம் சூப்பர், சூப்பர்னு அனுப்புனீங்களே, ஒருத்தராச்சும் அந்த நம்பரப் பார்த்தீங்களா? எங்க கம்பெனில இப்படி ஒரு தப்பு வெளிய போனா சரக்கு லாட்டே திரும்பி வந்துருமுங்க!"

கைத்தட்டலுக்கு நடுவே சால்வையை மடித்துத் தந்துவிட்டு இறங்கினார்.

திரும்பும் பேருந்தில் மெஹ்ஜபின் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். ஜானகியம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார். கார்த்திகை நடந்துகொண்டிருந்தது. தைக் கடைசிக்கு இரண்டரை மாதம்கூட இல்லை.

"சிரிச்சாச்சு. காலுக்கு என்ன பண்றது?"

"ஊரு பூராக் குத்தம் கண்டுபுடிக்கிறீங்க. உங்க தட்டுல ஒருக்காவாவது செக்கிங் போட்டுருக்கீங்களாக்கா?"

அன்றே செக்கிங் தொடங்கியது. ஒரு வாரம் எதையும் மாற்றவில்லை. வழக்கம்போல் உண்டார், உண்ட ஒவ்வொன்றையும் கம்பெனித் தாளில் கோடு போட்டுக் குறித்தார். வார முடிவில் தாளைப் படித்தவர் திகைத்தார். அவர் சந்தேகப்பட்ட ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு நிரபராதி. குற்றவாளிகள் வேறு: நாளுக்கு ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டிச் சர்க்கரை. நாலு மணிப் பலகாரம். தொலைக்காட்சி முன் மிக்சர். எல்லாவற்றுக்கும் மேலாக, வீணாகக்கூடாதென்று இரவில் பாத்திரத்தோடு வழித்துத் தின்ற மிச்சச் சோறு. மற்றவர் தின்று மிஞ்சியதற்கு வீட்டுப் பெண்ணின் வயிறா குப்பைத்தொட்டி? எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

துணியில் குறை உள்ள இடத்தைக் காட்ட, செக்கிங்கில் சிறிய சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஜானகியம்மாள் ஒரு தாள் ஸ்டிக்கரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். சாயப்பட்டறைக்கு டெம்போ ஓட்டும் அவர் கணவர் லிங்கசாமி மாலையில் அடுப்படிக்குள் நுழைந்து மிரண்டுபோனார்.

"ஏம்புள்ள, சக்கரை டப்பால அம்பு, மிக்சர் டப்பால அம்பு, சோத்துச் சட்டில அம்பு. இது ஊடா, செக்கிங் டேபிளா?"

"ஊடுதானுங்க. இன்னைலிருந்து மிஞ்சற சோறு ஃபிரிட்ஜுக்குப் போவும். காலைல நீங்க தின்னுங்க."

"நானா?"

"ஏனுங்க, உங்க வயிறு மட்டும் எக்ஸ்போர்ட் குவாலிட்டியா?"

அடுத்த ஞாயிறு லிங்கசாமி ஆசையாய் ஒரு பெட்டி மைசூர்பாகு வாங்கி வந்தார். அம்பு அவர் சட்டை முதுகிலேயே ஒட்டப்பட்டது. அறியாமல் டீக்கடைக்குப் போனவரை, "என்னுங்க லிங்கசாமி, ஊட்டுல ரிஜெக்ட் பண்ணிட்டாங்களா?" என்று கடையே கேட்டது.

டீ இரண்டாகக் குறைந்தது. சர்க்கரை அரைக் கரண்டி ஆனது. நாலு மணிக்குத் தம் டப்பாவிலிருந்து சுண்டலோ கொய்யாவோ எடுத்துத் தின்றார். சோற்றில் ஒரு கரண்டி குறைந்து, பொரியலில் இரண்டு கரண்டி கூடியது. கறிக்குழம்பு அப்படியே இருந்தது. நடுவில் ஒரு பிழையும் செய்தார். கம்பங்களி உடம்புக்கு நல்லது என்று யாரோ சொல்ல, வேளைக்கு மூன்று உருண்டை உண்டு ஒரு வாரம் ஓட்டினார். எடை அரைக் கிலோ ஏறியது. முன்னோர் உணவு என்பதற்காக வயிறு கணக்கை மறந்துவிடுமா? களிச் சட்டிக்கும் ஓர் அம்பு ஒட்டினார். டின்காரன் சொன்னதையும் நம்பவில்லை, முன்னோர் பெயரால் சொன்னதையும் அப்படியே விழுங்கவில்லை. தாம் உண்டதைத் தாமே பார்த்தார், பார்த்ததைத் திருத்தினார்.

தைக் கடைசி வந்தது. இன்ஸ்பெக்சன் அன்று காலை அவரே பூபாலனிடம் போய் நின்றார்.

"ஏழு குறையலீங்க. அஞ்சரைதான்."

பூபாலன் தலையைச் சொறிந்தார். "டாக்டர் ஏழுன்னாரேங்கம்மா. டேபிள்கிட்ட ஒரு நாற்காலி போட்டிருக்கேன். அடுத்த செக்சன்ல ஒருத்தரையும் சொல்லி வெச்சிருக்கேன்."

"வெச்சுக்கங்க. சாயங்காலம் வரைக்கும் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க."

சரக்கு வாங்குவோர் சார்பில் வந்த இன்ஸ்பெக்டர் பெட்டிகளைத் தாமே தேர்ந்தெடுத்துப் பிரிக்கச் சொன்னார். ஜானகியம்மாள் ஒவ்வொரு பீஸையும் விரித்தார், அளந்தார், கேட்ட கேள்விக்கு உடனே விடை தந்தார். இரண்டாம் மணி நேரத்தில் முழங்கால் லேசாக முணுமுணுத்தது. காலை மாற்றி ஊன்றிக்கொண்டார். நாலாம் மணியில் இன்ஸ்பெக்டர் ஒரு கழுத்துத் தையலைச் சந்தேகித்தார். ஜானகியம்மாள் குனிந்து, அடிப்பெட்டியிலிருந்து ஒப்புதல் வாங்கிய சாம்பிளை எடுத்து, கைகூட ஊன்றாமல் நிமிர்ந்து நீட்டினார். ஆறாம் மணி முடிவில் இன்ஸ்பெக்டர் தாளில் கையெழுத்திட்டார். லாட் பாஸ்.

ஜானகியம்மாள் திரும்பிப் பார்த்தார். நாற்காலி காலியாக இல்லை. காலையிலிருந்து மாடிக்கும் குடோனுக்கும் தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடிக் களைத்த பூபாலன், டையைத் தளர்த்திக்கொண்டு அதில் சாய்ந்து கிடந்தார்.

"என்னுங்க சார், சொல்லி வெச்ச ஆளு எங்கீங்க?"

"அவர அப்பவே போகச் சொல்லிட்டேனுங்கம்மா" என்றார் பூபாலன், எழ முயன்று மீண்டும் உட்கார்ந்தபடி. "நாளைக்கு அடுத்த லாட்டு. நீங்கதான் இன்சார்ஜு. அப்பறமுங்க, அந்த அம்பு ஸ்டிக்கர் ஒரு தாளு எனக்கும் கெடைக்குங்களா?"