எதிர்வாசல் ஸ்க்ரீன்

தேசராணி வீட்டு வாசலில் ஸ்க்ரீன் தொங்கிய நாளிலிருந்து செவ்வந்திக்குச் சோறு இறங்கவில்லை. தேசராணி வேறு யாருமில்லை, அவளுடைய ஓரகத்திதான். கொழுந்தன் தினகரனின் பெண்டாட்டி. கோட்டைக்குப்பத்தில் இரண்டு வீடுகளும் ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இருந்தன. இந்த வாசலில் நின்றால் அந்த வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பது வரைக்கும் தெரியும். இப்போது நடுவில் நீலத்துணி, அதில் வெள்ளி ஜரிகைப் பூ, மேலே பளபளவென்று எவர்சில்வர் கம்பி. துணியைத் தள்ளினால் வளையம் எல்லாம் சரசரவென்று ஓடுகிறது.

அப்படி உள்ளே எதைத்தான் மூடி வைத்திருக்கிறாள்? புது ஃபிரிட்ஜா, சோபாவா? வாங்கினாலும் வாங்கியிருப்பாள். தினகரனுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் பேன்ட் போட்ட வேலை. செவ்வந்தியின் புருஷன் கங்காதரனோ இன்றைக்கும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலை இழுக்கிறவன். வீட்டுக்குள் வரும்போதே சேற்று வாடையும் கூட வரும். நினைக்க நினைக்க செவ்வந்திக்கு வயிறு எரிந்தது. மூத்த மருமகள் நான் இருக்கும்போது இளையவளுக்கு என்ன இத்தனை மிதப்பு என்று பாத்திரங்களை நங்கென்று வைத்தாள். பாத்திரம் என்ன பாவம் செய்தது?

பொறுக்க முடியாமல் ஒருநாள் மீஞ்சூருக்கு பஸ் ஏறினாள். கடைக்காரர் எடுத்துப் போட்ட நீலத்தையும் சிவப்பையும் ஒதுக்கிவிட்டு, தெருக்கோடியிலிருந்து பார்த்தாலும் கண்ணில் அடிக்கிற மாதிரி ஒன்றைப் பொறுக்கினாள். நல்ல மஞ்சள். மேலிருந்து கொத்துக் கொத்தாகப் பச்சை இலை தொங்குகிற அச்சு. கம்பிக்கு வழியில்லை. வலைக்கு வைத்திருந்த நைலான் கயிற்றை வாசலுக்குக் குறுக்கே இழுத்துக் கட்டி, மறுநாள் காலையிலேயே மாட்டிவிட்டாள். இழுத்து மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டாள். தேசராணி வந்து, எங்கே வாங்கினாய் அக்கா என்று கேட்க வேண்டும். அதற்குத்தான் காத்திருந்தாள்.

முதலில் வந்தவள் மீன் கூடைக்காரி குப்பம்மா. தினமும் நேராக உள்ளே நுழைகிறவள், அன்றைக்குத் தெருவிலேயே நின்றாள். மஞ்சளைப் பார்த்தாள், இலைக்கொத்தைப் பார்த்தாள், கூடையை இறக்கிவைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பங்குனி வெயில் காய்ச்சிக்கொண்டிருந்தது. பக்கத்துக் குப்பத்தில் ஏற்கனவே இரண்டு வீட்டில் அம்மை வார்த்திருந்தது. மஞ்சள் துணியும் வேப்பிலையும் கட்டி மூடிய வாசலுக்கு அந்த ஊரில் வேறு அர்த்தமே கிடையாது.

செவ்வந்தி பதறிப்போய் வெளியே ஓடிவந்தாள். "அய்ய, அம்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது ஸ்க்ரீனு."

குப்பம்மா இரண்டடி பின்னால் போனாள். "அப்டி சொல்லக்கூடாதும்மா. வந்தவள இல்லன்னு சொன்னா கோவம் வந்து இன்னும் முத்து போடுவா. நீ உள்ள போய் படு."

அவ்வளவுதான். இல்லை இல்லை என்று செவ்வந்தி சொல்லச் சொல்ல, இருக்கிறது என்று தெரு முடிவு கட்டியது. இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். அடுத்த நாள் கங்காதரனுக்குப் பாடு. ஏரியில் இறால் படுகிற இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பது ஊர்க்கட்டுப்பாட்டில் முறை வைத்து வரும்; அந்த முறைதான் பாடு. தவறவிட்டால் மறுபடி முறை வர எத்தனை நாளாகுமோ, அதற்குள் இறால் இருக்குமோ இருக்காதோ. மத்தியானம் அந்த வலைக்கூட்டத்துப் பெரியவர் வரதன் வந்து, வாசலுக்குத் தள்ளியே நின்று, வீட்டில் அம்மன் இறங்கியிருக்கும்போது வலையைத் தொடுவது ஆகாது என்றார். கங்காதரன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவர் கேட்கவில்லை.

"தலைக்குத் தண்ணி ஊத்தட்டும்பா. அடுத்த முறைக்குப் பாத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கங்காதரன் கத்துகிற ஆளில்லை. ஸ்க்ரீனின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தான். "ஒரு துணியால என் பாட்டயே கெடுத்துட்டியே," என்று மட்டும் சொன்னான். அவன் கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மூலையில் உட்கார்ந்து மண்டையைக் குடைந்தாள். வாயால் சொன்னால் நம்பாத ஊர் மூக்கால் நம்பும் என்று அப்போதுதான் உறைத்தது. அம்மை கண்ட வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறாது, மீன் வாடையே ஆகாது. வாசலைத் திறந்துபோட்டு மீன் வறுத்தால் தீர்ந்தது சங்கதி. ஆனால் மீனுக்கு எங்கே போவது? அவளைக் கண்டாலே கூடைக்காரிகள் ஒதுங்கிப் போனார்கள். காலையில் குப்பம்மா மடவை மீன் கொடுத்துவிட்டுப் போனது ஒரே வீட்டில்தான். அது எதிர்வீடு.

துணியைத் தட்டிக் கூப்பிட முடியாது. நீல ஸ்க்ரீனை விலக்கிக்கொண்டு செவ்வந்தியே உள்ளே போனாள். போன வேகத்தில் கண் வீட்டைத் துழாவியது. ஃபிரிட்ஜும் இல்லை, சோபாவும் இல்லை. ஆணியில் தினகரனின் வேலைச் சட்டை, தரையில் தட்டு போட்டு மூடிய ஒரு ஆள் சோறு. தேசராணி பயந்து விலகவில்லை.

"அம்மை இல்லன்னு எனுக்குத் தெரியும்க்கா. காத்தால நீ கடுகு தாளிச்ச வாசன இங்க வந்துச்சே," என்றாள்.

செவ்வந்திக்கு முகம் சுண்டிப்போனது. மீன் கேட்க வந்த வாய் வேறொன்றைக் கேட்டது. "உன்னப் பாத்துதான்டி நானும் மாட்டினேன். உள்ள ஒண்ணுமே இல்லியே, நீ எதுக்கு மாட்டின?"

செவ்வந்தியின் கண் போன இடத்தைப் பார்த்து, தேசராணி கழுவி வைத்திருந்த மீன் சட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் பேசினாள்.

"நீயும் மாமாவும் தெனமும் வாசப்படில ஒரே தட்டுல துன்றத எத்தினி நாளுக்குத்தான் பாத்துகினு இருக்கறது? எங்காளு டூட்டி முடிச்சி வந்தா தூக்கம், எய்ந்தா டூட்டி. பாக்கக்கூடாதுன்னுதான் மாட்டினேன்."

செவ்வந்திக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் எதற்கு? பிறந்ததிலிருந்து அவளைப் பார்த்து யாரும் பொறாமைப்பட்டதே கிடையாது. சேற்று வாடை அடிக்கிற அந்த மனுஷனுக்காகவா ஒருத்தி இவ்வளவு வேக வேண்டும்? தெருவைத் தாண்டி வருவதற்குள் அந்தச் சந்தோஷம் குத்தத் தொடங்கியது. ஊர் நம்ப வேண்டுமென்றால், கங்காதரன் வாசற்படியில் உட்கார்ந்து மீன் தின்பதைத் தெருவே பார்க்க வேண்டும். எதைப் பார்க்க முடியாமல் தேசராணி துணி கட்டினாளோ அதை, அவள் கொடுத்த மீனை வைத்தே காட்ட வேண்டும்.

மஞ்சள் துணியை உருவி மூலையில் எறிந்தாள். மிளகாய்த்தூள் பிசறி மடவையை எண்ணெயில் போட்டதும் வாடை தெருக்கோடி வரை போனது. பிறகு வாசலில் நின்று குரல் கொடுத்தாள். "தேசராணி, தட்ட எடுத்துகினு வா. நீ வந்து துன்னாத்தான் ஊரு நம்பும்." அது பாதி நிஜம்.

தேசராணி வந்தாள். தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு படியின் ஓரமாக உட்கார்ந்தாள். அந்த வழியாக வந்த வரதன் நின்று மூக்கை உறிஞ்சினார். மூன்று பேரையும் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். விடிவதற்கு முன்னால் படகுக்கு வந்துவிடு என்று கங்காதரனிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

செவ்வந்திக்கு உயிர் வந்தது. கங்காதரனுக்கும்தான். அந்தச் சந்தோஷத்தில் சட்டியிலிருந்து நடுத்துண்டை எடுத்து, முள் பார்த்து, தம்பி பெண்டாட்டியின் தட்டில் வைத்தான். கல்யாணமான நாளிலிருந்து நடுத்துண்டு செவ்வந்திக்குத்தான். தேசராணி அதைப் பிட்டு வாயில் வைக்கும் வரைக்கும் செவ்வந்தியின் கண் அந்தத் தட்டை விட்டு நகரவில்லை.

தன் பங்குக்கு வந்த வால்துண்டைக் கடித்துக்கொண்டே, வாசலில் மறுபடி மாட்ட இலை போடாத துணி மீஞ்சூரில் கிடைக்குமா என்று யோசித்தாள்.