மடவளை ஜாடி

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. "எங்கள் கிறிஸ்துமஸ் மலருக்கு உங்கள் வீட்டு நத்தாரைப் பற்றி எழுதுங்கள். சின்ன வயதிலிருந்து இன்றுவரை. ஆயிரம் சொல் போதும். மனதுக்கு இதமாக இருக்கட்டும்" என்றார் சஞ்சிகை ஆசிரியர். சரி என்றேன். இதமாக எழுத எனக்கென்ன வலிக்கிறதா?

எழுத உட்கார்ந்த பிறகுதான் வலித்தது. எங்கள் நத்தாரை எழுதினால் கைரியா மாமியை எழுத வேண்டும். அவரை எழுதினால், முப்பது வருடமாக அவரிடம் நான் சொல்லாமல் வைத்திருப்பதையும் எழுத வேண்டும். விட்டுவிட்டு எழுதினால் கதை பொய். எழுதிவிட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். மாமிக்கு இப்போது கண் மங்கிவிட்டது. ஆனால் அவருடைய மகள் ஸக்கியா, என் சிநேகிதி, மடவளையில் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியை, நான் எழுதும் எல்லாவற்றையும் உம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவாள்.

ஆகவே ஸக்கியா, முதலில் இதைத் தனியாக, வாய்க்குள் வாசி. (மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும். நீங்கள் எப்படி வாசித்தாலும் சரி.)

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

"கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் மேல் டிசம்பர் மூடுபனி இறங்கியிருந்த ஒரு காலையில்—" (இல்லை. அன்று சுள்ளென்று வெயில்.)

"பதினொரு வயதுச் சிறுமிக்கு என்ன தெரியும்? அவள் தெரியாமல்தான்—" (இதில் இரண்டு வரி ஒழுங்காக ஓடியது. மூன்றாவது வரியில் என் கையே நின்றுவிட்டது. அவளுக்கு எல்லாம் தெரியும். நான்தானே அவள்.)

"எதிர்வீட்டுச் சுப்பம்மாவுக்கு—" (ஆளை மாற்றித் தப்பிக்கப் பார்த்தேன். சுப்பம்மா என்றால் தனி ஜாடி எதற்கு? தனி ஜாடி இல்லாவிட்டால் கதையே இல்லை. மன்னித்துக்கொள் சுப்பம்மா, நீ போகலாம்.)

3

நான் பிறந்தது கண்டிக்குப் பக்கத்தில், பன்வில தேயிலைத் தோட்டத்தில். எனக்கு ஆறு வயதாகும்போது அப்பாவுக்குக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு கடையில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. மடவளையில் வாடகைக்கு வீடு எடுத்தோம். சுற்றிலும் முஸ்லிம் குடும்பங்கள், நத்தார் கொண்டாடும் ஒரே வீடு எங்களுடையது. வந்த முதல் வாரமே எதிர்வீட்டுக் கைரியா மாமி ஒரு சட்டி கறியோடு வந்து, "அடுப்பு மூட்டுற வரைக்கும் இத வச்சிக்கோங்க" என்றார். அந்தச் சட்டி வெறுமையாகத் திரும்பவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் எந்தப் பாத்திரமும் வெறுமையாகப் போனதில்லை.*

நவம்பர் கடைசி ஞாயிறு எங்கள் வீட்டில் பழம் வெட்டும் நாள். முந்திரிகை வத்தல், பேரீச்சம்பழம், பாகில் ஊறிய இஞ்சி எல்லாம் பொடியாக வெட்ட வேண்டும். கஜுப் பருப்பு வெட்டும் பொறுப்பு அப்பாவுக்கு. பாதி அவர் வாய்க்குள் போகும் என்று தெரிந்தே அம்மா கூடுதலாக வாங்குவார். வெட்டியதை இரண்டு ஜாடிகளில் ஊறப்போடுவார். ஒன்றில் பிராண்டி. மற்றதில், மது தொடாத மாமி வீட்டுக்காக, தேனும் பன்னீரும். மடவளை வந்த பிறகு சேர்ந்த அந்த இரண்டாவதற்கு எங்கள் வீட்டில் மடவளை ஜாடி என்று பெயர். அதற்குத் தனிக் கரண்டி, தனிக் கத்தி, தனித் தட்டம். மாமி ஒரு நாளும் இதைக் கேட்டதில்லை. அம்மாவும் இதைப் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை. நம்பிக்கை என்ற தலைப்பில் ஒரு கட்டுரையே எழுதலாம். அம்மாவுக்கு அது ஒரு கரண்டியைத் தனியாகக் கழுவி வைக்கும் வேலை.

நத்தாரன்று பூசை முடிந்து வந்ததும் ரோஜாப்பூப் போட்ட தட்டில் மடவளை ஜாடிக் கேக்கைப் பன்னிரண்டு துண்டு அடுக்கி, பின்னல் துணியால் மூடி என் கையில் தருவார்.

"தட்ட மாத்திப்புடாத டீ. ரோசாப்பூ தட்டுதான் கைரியாக்காவுக்கு."

கல்யாணம் முடிந்து கண்டி நகரத்துக்கு வந்த பிறகும் அந்தத் தட்டு என்னோடு வந்தது. என் கணவர் அஜந்தன் யாழ்ப்பாணத்துக்காரர். முதல் நத்தாருக்கே தன் பங்குக்குத் தட்டின் ஓரத்தில் நாலு பயத்தம் பணியாரம் வைத்தார். அதுவும் சம்பிரதாயமாகிவிட்டது. அம்மா போய் மூன்று வருடம். இப்போது மாமிக்கும் நான்தான் கேக் போடுகிறேன், நான்தான் பஸ் ஏறித் தட்டைக் கொண்டுபோகிறேன்.

துணியைத் திறந்ததும் மாமி தன் தகப்பனைப் பற்றி ஒரு கதை சொல்வார். வருடா வருடம் அதே கதை.

"எங்கட வாப்பா கடசிக் காலத்துல ஒண்டுமே தின்னாமக் கெடந்த. அந்த முறை உங்கட கேக்க மட்டும் கேட்டு வாங்கி ரெண்டு துண்டு தின்ட. அடுத்த மாசம் மௌத்தாப் போன. அவர் ஆசையாத் தின்ட கடசி இனிப்பு இந்தத் தட்டுலதான் வந்திச்சி மகள். அந்த முறை ஒரு மணம் ஈந்திச்சி பாருங்க! என்னத்தப் போட்ட எண்டு உங்கட அம்மா கடசி வரைக்கும் சொல்லவே இல்ல."

*பெருநாளுக்கு அந்த ரோஜாப்பூத் தட்டு தேங்காய்ப்பால் வட்டிலப்பத்தோடு திரும்பி வரும். அதனால் அது யாருடைய தட்டு என்று இன்றைக்கும் சொல்ல முடியாது.

4

அம்மா சொல்லவில்லை, ஏனென்றால் அம்மாவுக்குத் தெரியாது.

அந்த நத்தாரன்று தட்டோடு வெளியே வந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு எப்போதும் மடவளை ஜாடிக் கேக்தான் பிடிக்கும். தேன் ஊறியது. எங்கள் வீட்டுப் பிராண்டிக் கேக் தொண்டையைச் சுடும். குசினிக்குப் பின்னால், தண்ணீர்த் தாங்கியின் மறைவில் நின்று ஒன்று தின்றேன். பிறகு இன்னொன்று. நாலாவதோடு நிறுத்தியபோது தட்டில் பெரிய ஓட்டை. குசினிக்குள் நுழைந்தேன். மேசையில் மற்றக் கேக் வெட்டி வைத்திருந்தது. ஒரே நிறம், ஒரே அளவு. நாலு துண்டை எடுத்து ஓட்டையை அடைத்தேன்.

அடைக்கும்போது எனக்குத் தெரியும். எதற்காக இரண்டு ஜாடி என்று தெரியும். அம்மாவின் அடியை நினைத்துப் பயந்தேன், அதைவிடப் பெரிதாக அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இதை எந்த மொழிநடையில் எழுதினாலும் அழகாக வரவில்லை.

மாமியின் வாப்பா தின்ற இரண்டு துண்டும் எவை? எட்டு தேன், நாலு பிராண்டி. அவர் தின்றது தேன் துண்டாகவும் இருக்கலாம் என்று பல வருடம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். ஆனால் மாமி அந்த மணத்தை மறக்கவில்லையே.

அடுத்த நத்தாருக்கே நான் பிராண்டிக் கேக்கைத் தொடுவதை விட்டேன். என் வீடு என்று ஆனபின் என் குசினியில் ஒரே ஜாடிதான், மடவளை ஜாடி. என் பிள்ளைகள் அதைத்தான் நத்தார்க் கேக் என்று நினைத்து வளர்கிறார்கள். நாளைக்கு அவர்களுடைய பிள்ளைகளும் அப்படியே செய்வார்கள், ஏன் என்று தெரியாமலே.

இந்தப் பகுதியை வாசித்துவிட்டு அஜந்தன் தாள்களை மேசையில் வைத்தார்.

"அப்ப பதினாறு வருசமா எனக்குப் பிராண்டி மணமே இல்லாத கேக் தந்தது உதுக்கோ?"

"ம்."

"ஓம், அது பரவாயில்லை. ஆனா உதை அச்சில போடாதையும். தேப்பன்ர நினைவெண்டு அந்த மனுசியிட்ட இருக்கிறது அது ஒண்டுதான். உம்மட மனப் பாரம் இறங்கிறதுக்கு அதைப் போய்ப் பறிக்கிறதோ?"

(இந்தக் கேள்வியையும் அப்படியே கதைக்குள் எழுதி வைத்தேன்.)

5

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

மாமி சிரிக்கிறார். "எனக்கு அப்பவே தெரியும் மகள்" என்கிறார். இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, அதனால்தான் அதை நம்பவில்லை. தப்புச் செய்தவள் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் மன்னிப்பு அது. தெரிந்திருந்தால் மாமி அந்தக் கதையை அத்தனை பெருமையாகச் சொல்வாரா?

மாமி தட்டைக் கழுவித் துடைத்து, வெறுமையாக என் கையில்— (இதற்கு மேல் எழுத முடியவில்லை.)

நான் கடைசி வரை சொல்லவே இல்லை. ஒரு நாள், மாமி போய்விட்டார் என்று மடவளையிலிருந்து உன் அழைப்பு வருகிறது, ஸக்கியா. நான் ஓடி வருகிறேன், எல்லோரையும்விட அதிகமாக அழுகிறேன், ஏன் என்று யாருக்கும் தெரியாது. நடக்கக்கூடிய முடிவு இதுதான். இதற்குப் பயந்துதான் எழுதினேன்.

தெரியாமல் தின்றவருக்குப் பாவமில்லை என்று உங்கள் ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், ஸக்கியா. தெரிந்து கொடுத்தவளைப் பற்றி யாரிடமும் கேட்கத் துணிவு வரவில்லை. உம்மாவின் வாப்பா உனக்கும் சொந்தம். அதனால் உன்னிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

உம்மாவுக்கு மூன்றாம் பகுதியிலிருந்து வாசி. நாலும் ஐந்தும் வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் நேரே ஆறுக்குப் போ. ஒட்டுப் போட்டது தெரியாதபடி எழுதியிருக்கிறேன். ஆயிரம் சொல்லில் எனக்கு அதிக நேரம் எடுத்தது அந்த வேலைதான். இதை உன் தலையில் கட்டுவது கோழைத்தனம் என்று எனக்கே தெரிகிறது. அதனால் ஆறில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

6

இந்த வருடமும் வருகிறேன், மாமி. பூசை முடிந்ததும் பஸ் ஏறினால் பத்து மணிக்கெல்லாம் உங்கள் வாசலில் நிற்பேன். அதே ரோஜாப்பூத் தட்டு, பன்னிரண்டு துண்டு, ஓரத்தில் அஜந்தனின் பணியாரம். உங்கள் பக்கத்துக் கதிரையை எனக்கு வைத்திருங்கள். முதல் துண்டை நானே எடுத்து உங்கள் கையில் தருகிறேன். வாப்பாவின் கதையைச் சொல்லுங்கள், எனக்கு அது அலுக்காது. முடிவில் எப்போதும் கேட்பீர்களே, அந்த முறை என்ன போட்டது என்று. இந்தத் தடவை அதை என்னிடம் கேளுங்கள்.

பதில் சொல்லிவிட்டுத்தான் திரும்பி பஸ் ஏறுவேன்.