வெறும் வயிறு

கள்ளக்குறிச்சியில் அந்த டாக்டரிடம் காட்ட வேண்டுமானால் விடியற்காலையிலேயே போய் நம்பர் அட்டை வாங்கி, பெஞ்சில் இடம் பிடித்து, மத்தியானம் வரை காத்துக் கிடக்க வேண்டும். உள்ளே போனால் இரண்டு நிமிஷம். ஸ்டூலில் உட்கார்ந்து உடம்புக்கு என்ன என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் பாதிச் சீட்டை எழுதி முடித்திருப்பார். கைராசிக்காரர் என்று பெயர். கல்வராயன் மலையிலிருந்தெல்லாம் இறங்கி வருவார்கள். ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிற மனுஷன் யாரிடம்தான் நின்று பேச முடியும் என்று அவருக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் உண்டு. பேசட்டும். காசியம்மாளுக்கு நடந்ததைக் கேட்டுவிட்டுப் பேசட்டும்.

காசியம்மாளின் வீட்டுக்காரர் வேடியப்பன் வெல்லம் காய்ச்சுகிறவர். கச்சிராயபாளையத்துக்கு அப்பால், மலை அடிவாரத்தில் ஊர். யார் கரும்பு ஆட்டினாலும் கொப்பரை அடுப்புக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். பாகு பதம் வந்துவிட்டதா என்று அவர் ஒரு சொட்டை விரலில் உருட்டிப் பார்ப்பார், அப்படியே வாயிலும் போட்டுக்கொள்வார். முப்பது வருஷமாக அப்படித்தான். அந்த ஆனி மாதம் ஆள் பாதியாக இளைத்து, கால் புண் ஆறாமல் கிடந்தபோதுதான் காசியம்மாள் அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

சர்க்கரை வியாதி என்றார் டாக்டர். வேடியப்பன் என்ன தொழில் செய்கிறார் என்று தெரிந்ததும் பேனாவை வைத்துவிட்டு காசியம்மாளைப் பார்த்தார்.

"இதோ பாரும்மா. சக்கரை, வெல்லம், கரும்பு, எதுவும் இனிமே இவர் வாயில படக்கூடாது. இவருக்கு அது விஷம். தெரியுதா?"

அவள் தெரிந்தது என்று தலையாட்டினாள். பிறகு என்னதான் கொடுப்பது, கேழ்வரகுக் கூழ் குடிக்கலாமா, அடுப்பு வேலை செய்கிற மனுஷனுக்கு மயக்கம் கியக்கம் வந்தால் என்ன செய்வது என்று கேட்க அவளிடம் நாலைந்து கேள்விகள் இருந்தன. டாக்டர் மேசை மணியைத் தட்டிவிட்டார். அடுத்த நம்பர்க்காரர் உள்ளே வந்து நின்றார்.

ஆடியில் மறுபடி போனபோது ரத்தத்தில் சர்க்கரை குறையவே இல்லை. எப்படிக் குறையும்? வீட்டில் இருந்த வெல்லப் பானையை அவள் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டாள், ஆனால் கொப்பரைப் பாகை விரலில் எடுத்து நக்குகிறவரை யார் தடுப்பது? டாக்டர் போட்ட சத்தம் வெளியே பெஞ்சு வரைக்கும் கேட்டது. நீயே உன் புருஷனுக்கு விஷம் வைக்கிறாயா என்று கேட்டார். அத்தனை பேர் திரும்பிப் பார்க்க, அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மாத்திரை காலையில் ஒன்று என்பது இரண்டாயிற்று. ஒரு வேளைகூட விடக்கூடாது என்பது உத்தரவு.

அதற்குப் பிறகு அவள் மனைவியாகவா இருந்தாள், காவல்காரியாக அல்லவா இருந்தாள்! ஆலைக் கொட்டகைக்கே போய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். பதம் பார்க்கிற சொட்டை அவர் கீழே உதறுகிற வரைக்கும் கண்ணை எடுக்க மாட்டாள். கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்தார்கள். அவர் கெஞ்சியும் பார்த்தார், கோபித்தும் பார்த்தார். அவள் மசியவில்லை. ஆவணி முடிவதற்குள் கால் புண் வாடிக் காய்ந்தது. அதைப் பார்த்தபோது தன் பிடிவாதத்தை நினைத்து அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இன்றைக்கு நினைத்தாலும் அவளுக்கு உடம்பு கூசுகிறது.

மறுபடி ரத்தம் பார்க்க டாக்டர் தேதி குறித்துக் கொடுத்தார். நர்ஸ் அமிர்தம் அட்டையைக் கையில் கொடுத்து, வெறும் வயிற்றில் வர வேண்டும், பல்லில் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் படக்கூடாது, தேதி தவறினால் டாக்டர் பார்க்க மாட்டார் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். தேதி தவறி வந்த ஒரு கிழவரின் சீட்டை டாக்டர் தூக்கி எறிந்ததைக் காசியம்மாள் கண்ணாலேயே பார்த்திருந்தாள்.

அந்தத் தேதி புரட்டாசி பிறந்து மூன்றாம் நாள் வந்தது. எண்பத்தேழாம் வருஷம். தனி இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள், பஸ் இல்லை, லாரி இல்லை, ஒரு சைக்கிள் போவதென்றாலும் தூக்கிக்கொண்டுதான் தாண்ட வேண்டும். ரோடு திறந்ததும் போகலாம் என்றார் வேடியப்பன். நியாயமான பேச்சுதான். தேதி தவறினால் அந்த மனுஷன் வாசல்படி ஏற விடமாட்டார் என்று காசியம்மாள் ஒற்றைக் காலில் நின்றாள்.

விடியும் முன்பே கிளம்பினார்கள். பத்து மைல் நடை. அவர் கூழ்ச் சட்டியை எட்டிப் பார்த்தார்.

"வெறும் வயித்துலதான் வரணும்னு சொல்லிக்கிறாங்க. வாய்யா."

"அப்போ மாத்திர?"

அவள் ஒரு கணம் யோசித்தாள். ஒரு வேளைகூட விடக்கூடாது என்பதும் டாக்டர் சொன்னதுதான், வெறும் வயிறு என்பதும் அவர் ஆஸ்பத்திரியில் சொன்னதுதான். இரண்டில் எதை விடுவது? அவள் இரண்டையும் விடவில்லை. வழக்கம்போல இரண்டு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் கொடுத்து, சொம்புத் தண்ணீரை நீட்டினாள். அவர் விழுங்கினார்.

பாதி தூரம் வரை நன்றாகத்தான் நடந்தார். வெயில் ஏறியதும் நடை தளர்ந்தது. சட்டை தொப்பலாக நனைந்தது. கை நடுங்கியது. வாழ்நாளில் அவளை ஒரு கெட்ட வார்த்தை சொல்லாத மனுஷன் திடீரென்று அசிங்கமாகத் திட்ட ஆரம்பித்தார், பிறகு இது எந்த ஊர் என்று கேட்டார். காலங்காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார் என்று எதிரே வந்தவர்கள் சிரித்தார்கள்.

அடுத்த மரத்தடியில் பத்து இருபது பேர் மறியலில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் கொளஞ்சியப்பன் என்பவன் காசியம்மாளின் தாய் வீட்டு ஊர்க்காரன். பார்த்ததும் எழுந்து வந்து வேடியப்பனைக் கைத்தாங்கலாகப் பிடித்து வெட்டிப் போட்ட கிளைமேல் உட்கார வைத்தான். மறியல்காரர்களுக்காக ஒரு குடம் பானகம் கரைத்து வைத்திருந்தார்கள். இந்தப் பக்கத்து வெல்லம், எலுமிச்சம்பழம், சுக்கு. ஒரு டம்ளர் மொண்டு நீட்டினான்.

வேடியப்பனின் இரண்டு கையும் அதற்காகப் பாய்ந்தன. உதட்டுக்குப் போவதற்குள் காசியம்மாள் தட்டிவிட்டாள். பானகம் புழுதியில் கொட்டியது.

"இன்னாக்கா நீ, தவிக்கிற மனுஷன் கையிலேர்ந்து தட்டி வுடுற?"

"அவருக்கு அது வெஷம். டாக்டரு சொல்லிக்கிறாரு."

வேடியப்பன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். கண் எங்கேயோ பார்த்தது.

"ஒரு வாய் குடுடி. கண்ணு இருட்டிகினு வருது."

எத்தனை நாள் கெஞ்சியிருக்கிறார், அதே போல இன்னொரு கெஞ்சல் என்றுதான் அவள் நினைத்தாள். மனசைக் கல்லாக்கிக்கொண்டு சொம்பில் இருந்த தண்ணீரைப் புகட்டினாள். பாதி உள்ளே போயிற்று, பாதி கடைவாயில் வழிந்தது. கொஞ்ச நேரத்தில் கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க, கிளையிலிருந்து சரிந்தார்.

கொளஞ்சியப்பன் யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பக்கத்துக் கொல்லையிலிருந்து ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிவந்தான். நாலு பேராகச் சுமந்தார்கள். தாங்களே சாய்த்த மரங்களை, கட்டிலைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக ஏறித் தாண்டினார்கள். காசியம்மாள் பின்னாலேயே ஓடினாள். மலையாண்டவா, டாக்டர் இருக்க வேண்டும், டாக்டர் இருந்தால் போதும் என்று அது ஒன்றையே வேண்டிக்கொண்டு ஓடினாள்.

டாக்டர் இருந்தார். பெஞ்சு காலியாகக் கிடந்தது. மறியலில் ஒரு நோயாளியும் வரவில்லை. கட்டிலைப் பார்த்ததும் அவரே வாசலுக்கு இறங்கி வந்தார். நாடியைப் பிடித்தார், கண் இமையை விலக்கிப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். அப்புறம் குழாயைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். உயிர் போய்க் கால் மணி ஆகியிருக்கும் என்றார்.

காசியம்மாளுக்கு அழுகை வரவில்லை. அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். மாத்திரை கொடுத்தாயா? இரண்டும் கொடுத்தேன். சாப்பிட்டாரா? ஒரு பருக்கை கொடுக்கவில்லை. எல்லாம் அவர் சொன்னபடி செய்ததாகத்தான் அவள் குரலில் இருந்தது.

அன்றைக்கு டாக்டருக்கு அவசரம் இல்லை. படியிலேயே உட்கார்ந்து, மூன்று மாதத்தில் முதல் தடவையாக, அவளுக்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். மாத்திரை ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இறக்கும். அப்படி இறக்கும்போது வயிற்றில் சாப்பாடு இருக்க வேண்டும். ரத்தம் எடுக்கிற நாளில் மாத்திரையைக் கொண்டுவந்து, ரத்தம் கொடுத்த பிறகுதான் போட்டுச் சாப்பிட வேண்டும். பட்டினியோடு மாத்திரையும் போட்டுப் பத்து மைல் நடந்தால் சர்க்கரை அடியோடு போய்விடும்.

"வேர்த்து நடுங்கினாரில்ல, அப்பவே ஒரு பிடி சக்கரை வாயில போட்டிருந்தா எழுந்து உக்காந்திருப்பாரு. அரை டம்ளர் பானகம் போதும். வழியில இவ்ளோ ஜனம் இருந்துச்சே, ஒருத்தர்கூடவா ஒரு வாய் இனிப்பு குடுக்கல?"

கொளஞ்சியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தான். காசியம்மாளைப் பார்க்காமல், "ரோட்டுல அதெல்லாம் ஏதுங்க," என்றான்.

அவள்தான் சொன்னாள். "இந்தத் தம்பி குடுத்துச்சுங்க. நாந்தான் தட்டிவுட்டேன்."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா? யாரு சொன்னா உனக்கு, குடுக்கக்கூடாதுன்னு?"

குத்திக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். நூறு பேரில் ஒருத்தியிடம் சொன்னது அவருக்கு எப்படி நினைவிருக்கும்? அவளுக்கோ ஒவ்வொரு சொல்லும், சொன்ன குரலும், அப்போது பேனாவை வைத்த விதமும்கூட நினைவில் இருந்தன. அதைத் திருப்பிச் சொன்னால் போதும். ஆனால் சொன்னது அவராக இருந்தாலும் தட்டிவிட்ட கை அவளுடையது. ஒரு வாய் கேட்டது அவளிடம்தான்.

"யாரும் சொல்லலீங்க," என்றாள். "எனக்குத்தான் தெரியலீங்க."

"அடப் பாவமே. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டிருக்கணுங்க," என்றாள் காசியம்மாள்.