ஆறடி

இறந்துபோன நானா மஹ்ரூப்பின் மையித்துக்கு மர்சூக் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கடையில் கடப்பாறை இறங்கியது. பின்முற்றத்துத் தகரம் அதிர்ந்தது. குளிப்பாட்ட வந்திருந்த முஹைதீன் லெப்பை நிமிர்ந்தார்.

"வீட்டில மையித்து ஈக்கிது எண்டு தெரியாதா அவங்களுக்கு? போய்ச் சொல்லு."

மர்சூக் ஈரக் கைகளோடு கடைக்குள்ளால் முன்னே ஓடினான்.

கண்டியின் அந்த ஒடுங்கிய தெருவில் பதினேழு கடைகளின் முகப்பையும் ஆறடி வெட்டி, மோட்டார் வண்டிகளுக்கு வழி அகலமாக்கிக்கொண்டிருந்தார்கள். மஹ்ரூப்பின் தொப்பிக் கடை மட்டுமே மிச்சம். "எதிர்க் கட மஹ்மூதோட இருந்த இடத்தில இருந்தே கதைக்கிறேன். தெரு அகண்டா வண்டி வரும். ஆள் நிக்குமா?" என்று அவர் எல்லோரையும் திருப்பி அனுப்பினார். இன்று விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு மனைவி ஹவ்வா உம்மா எழுப்பியபோது அவர் விழிக்கவில்லை.

வாப்பா, மூத்தவர் மஹ்ரூப்புக்கும் இளையவன் மர்சூக்குக்கும் பொதுவாக விட்டுப்போன கடை. முகப்பை வெட்டச் சம்மதித்து மர்சூக் போன மாதமே ஒப்பம் வைத்துவிட்டான். கண்ணாடி முகப்பும் அகலத் தெருவும் வந்தால் வியாபாரம் நிமிரும் என்று நம்பினான். நானாவிடம் சொல்ல நாளை நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தான்.

தெருவேலைக் கொந்தராத்துக்காரரின் மேற்பார்வையாளர் ராஜலிங்கம் செய்தியைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றினார்.

"தெரியாதுங்க. மன்னிச்சிருங்க. ஆளுகள நிறுத்திர்றேன். ஆனா பக்கத்துச் சுவர எடுத்தாச்சு. உங்க உத்தரம் சாய்ஞ்சு நிக்குது பாருங்க. இன்னைக்கு இறக்கலேன்னா தானா விழுந்துரும்."

மர்சூக் அண்ணாந்து பார்த்தான். உத்தரம் ஒரு கை அளவு விலகியிருந்தது. கடைக்கும் உள் அறைக்கும் நடுவே இருந்த பலகைத் தட்டியும் அதில்தான் தொங்கியது. தட்டிக்கு அப்பால் மதினி ஹவ்வா உம்மா, நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் யாரும், மர்சூக்கும்கூட, பார்க்காதபடி இத்தா இருக்க உட்கார்ந்திருந்தாள். முற்றத்துக்குப் பின்னால் மலைச்சரிவு. வேறு வாசல் இல்லை.

"மெதுவாப் பேசுங்க," என்றான்.

"நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே, அப்புறம் என்னங்க? நேத்து சாயங்காலம் பெரியவர்கிட்டயும் காட்டினேன். வாசிச்சாரு. ஒன்னும் சொல்லல. மடிச்சுத் திருப்பிக் குடுத்துட்டாரு."

 நேற்று இரவு மர்சூக்கும் நானாவும் ஒரே சஹன் தட்டில் சாப்பிட்டார்கள். நானா மீன் துண்டைப் பிய்த்து, முள்ளெடுத்து, அவன் பக்கமாகத் தள்ளிவைத்தார். அப்போது அவருக்குத் தெரிந்திருந்தது.

தட்டிக்கு அப்பால் ஓதிக்கொண்டிருந்த பெண்களின் குரல் நின்றது.

"மர்சூக்." ஹவ்வா உம்மாவின் குரல். "நீயா ஒப்பம் வெச்ச?"

ராஜலிங்கம் தெருவைப் பார்த்தார்.

"ஓ, மதினி. நான்தான்."

"அவருக்கு நேத்துத்தான் தெரிஞ்சதா?"

"ஓ, நேத்துத்தான்."

அவன் காத்துநின்றான். ஒரு சொல்லுக்காக, ஒரு சாபத்துக்காகவேனும். மேலே உத்தரம் முனகியது.

"தண்ணி ஆறப் போகுது," என்றாள் அவள். "போய்க் குளிப்பாட்டுற வேலையப் பாரு."

நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் மையித்தைச் சுமந்த சந்தூக்கு வெளியே வந்தது. எதிர்க்கடை மஹ்மூத் அதன் முன்காலைத் தோளில் வாங்கினார். மர்சூக் பின்னால் நின்றான். வாசலைக் கடக்கும்போது எல்லோரும் உத்தரத்துக்குக் குனிந்தார்கள். வெட்டுண்ட கடைகளின் முன்னால் நின்றவர்கள் சந்தூக்கைப் பார்த்தார்கள், அவனைப் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து அவன் தனியே திரும்பினான். உத்தரத்தோடு முகப்பு கீழே கிடந்தது. பலகைத் தட்டியும் அதோடு வந்திருந்தது. உள் அறை தெருவுக்குத் திறந்து நின்றது. மஹ்மூதின் மனைவி றலியா ஒரு படுக்கை விரிப்பின் ஒரு முனையை நிலையில் கட்டி, மறுமுனையைத் தன் கைகளால் உயர்த்திப் பிடித்து அறையை மறைத்துக்கொண்டிருந்தாள். 

"லுஹரிலேருந்து இப்பிடியே நிக்கிறேன். ஆணியடிக்கச் சுவரில்ல," என்றாள்.

மர்சூக் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு, கையைப் பின்னால் நீட்டி முனையை வாங்கினான். றலியா கையை உதறியபடி உள்ளே போனாள். அறையில் ஓதல் மறுபடி தொடங்கியது. மதினியின் குரலும் அதில் இருந்தது.

தெரியாத ஆட்கள் புதிய அகலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். இருவர் நின்று அறைப்பக்கம் எட்டிப் பார்த்தார்கள். மர்சூக் துணியைத் தலைக்கு மேல் உயர்த்தினான்.