நடுவில் நின்றுவிட்ட கித்தார்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. அந்த நாற்காலியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கால் வலிக்கிறவர்கள் நீட்டிக்கொள்ளலாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் தெருமுனை சலூன்காரர் வாயைத் திறக்காமல் ஒரு வாரம் முடி வெட்டிய கதை இது. தொடக்கம் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். பயப்படாதீர்கள், உங்களை வருத்தத்திலேயே விட்டுவிட்டு எழுந்து போகிறவள் நானில்லை.

கடை திறப்பதற்கு முந்தைய நேரம் அவருக்கு மட்டும் சொந்தமானது. அன்று காலையும் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, சுழல் நாற்காலியில் சாய்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அட்டையில் குடைப் படம் போட்ட ரெக்கார்டை ஓடவிட்டார். அவரிடம் இருந்த ராக் ஆல்பங்களிலேயே அவர் உயிரை வைத்திருந்தது அதில்தான். இரண்டாம் பக்கத்து மூன்றாவது பாட்டில் ஒரு கித்தார் வரும். இடது காதில் தொடங்கி, தலைக்குள்ளே மெதுவாக நடந்து, வலது காது வழியாக வெளியே போகும். கல்யாணமாவதற்கு முன்பிருந்தே அந்த நடையை அவர் கேட்டுவருகிறார். அன்று அது நடக்கவில்லை. தலைக்கு நடுவில் ஆணி அடித்ததுபோல் அப்படியே நின்றது. ஹெட்போனை இடம் வலமாக மாற்றிப் போட்டுப் பார்த்தார். அப்போதும் நகரவில்லை. சரி, கோளாறு ஹெட்போனில் இல்லை, தன்னிடம்தான் என்று முடிவுகட்டிவிட்டார்.

அப்படி நினைக்க அவருக்குக் காரணம் இருந்தது. அவருடைய அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. வலப்பக்கம் நின்று கூப்பிட்டால் இடப்பக்கம் திரும்புவார். சத்தம் கேட்கும், எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. பிறகு அந்தச் சத்தமும் போய், கடைசிக் காலத்தில் எதிரே இருப்பவர்களின் உதட்டைப் பார்த்தே காலம் தள்ளினார். இன்னொரு ரெக்கார்டைப் போட்டுப் பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவருக்குத் துணிவு வரவில்லை. ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சீப்பையெல்லாம் கழுவ ஆரம்பித்தார்.

தெருவில் அவருக்கு ‘ரெண்டாம் பக்கம்’ என்று பெயர். எந்த ஆல்பமானாலும் முதல் பக்கம் ரெக்கார்டு விற்கிறவனுக்காகப் போட்டது, இரண்டாம் பக்கம்தான் பாடுகிறவன் தனக்காகப் பாடியது என்பது அவர் கட்சி. குழுவைவிட்டுப் பிரிந்துபோன பாடகன் தனியாகப் போடும் ஆல்பத்தில் அவன் படம் பெரிதாகவும் பாட்டு சின்னதாகவும் இருக்கும் என்பார். இரண்டு ரெக்கார்டு சேர்ந்த ஆல்பம் எல்லாவற்றுக்குள்ளும் ஒரே ரெக்கார்டு அளவுக்கு நல்ல ஆல்பம் ஒன்று மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் என்பார். பாப் பாட்டு அவருக்குச் சூயிங்கம், இனிப்பு இருக்கும்வரை மென்றுவிட்டுத் துப்ப வேண்டியது. இடம் வலம் பிரிக்காமல் இரண்டு காதுக்கும் ஒரே சத்தத்தைக் கொடுக்கும் பழைய மோனோ ரெக்கார்டுகளைப் பற்றிக் கேட்டுவிட்டால் போச்சு, “அது ஒத்தைக் காதுக்காரனுக்குச் செஞ்சதுங்க” என்பார். கழுத்தில் கத்தி இருக்கும்போது யார் மறுத்துப் பேசுவார்கள்?

அப்படிப்பட்ட மனிதர் வாயடைத்துப் போனார். கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது. வாடிக்கைக்காரர்களுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது, பிறகு உறுத்தத் தொடங்கியது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வேண்டுமென்றே வம்புக்கு இழுத்துப் பார்த்தார்.

“எதுக்குங்க ஆல்பம் ஆல்பமா வாங்கி இடத்தை அடைக்கணும்? நல்ல பாட்டா பொறுக்கி ஒரே ரெக்கார்டா போட்டு விக்கிறான், அது போதாதா?”

“போதும்ங்க. அதுவும் நல்லாத்தான் இருக்கும்.”

தபால்காரர் ஆடிப்போய்விட்டார். பாதிக் கிருதாவோடு, கழுத்தில் கட்டிய துணியோடு நேரே பள்ளிக்கூட வாசலுக்குப் போனார். அங்கே வேனைத் துடைத்துக்கொண்டிருந்தாள் ரெண்டாம் பக்கத்தாரின் மனைவி. பள்ளி வேன் ஓட்டுகிறவள்.

“அம்மா, உன் வீட்டுக்காரருக்கு ஏதோ ஆகிப்போச்சும்மா. நான் சொல்றதுக்கெல்லாம் சரிங்கிறாரு!”

அவளுக்கும் தெரியாமல் இல்லை. அவளுடைய வேனில் எந்நேரமும் பாப் பாட்டுதான். இரண்டு நாளாக அவர் அதில் ஏறி வீட்டுக்கு வருகிறார், நிறுத்து என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்டரிடம் போகலாமா என்று கேட்டாள். நன்றாகத்தானே இருக்கிறேன் என்றார். “நல்லா இருக்கிற மனுஷன் என் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கிட்டு வருவானா?” என்று கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். ஒருநாள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தபோது அவர் அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். இந்த வயதில் இதென்ன பார்வை என்று வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் அவளுடைய தம்பிக்குப் போன் போட்டார். “மாப்ள, வண்டியை எடுத்துட்டு வா. என் ரெக்கார்டு எல்லாத்தையும் நீயே வச்சுக்க.”

தம்பி டயர் கடை வைத்திருப்பவன். குளிக்கும்போது வாயில் வராத பாட்டெல்லாம் ஒரு பாட்டா என்று மாமாவோடு வருஷக்கணக்காகச் சண்டை போடுகிறவன். அன்று வாசற்படி ஏறும்போதே அவன் முகத்தில் ஈயாடவில்லை. கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள், கட்டிக் கட்டி வைத்த ரெக்கார்டுகள், கடையிலிருந்து தூக்கிவந்திருந்த பிளேயரும் ஹெட்போனும்.

“மாமா, திட்டணும்னா திட்டிடுங்க. அடிக்கணும்னாலும் அடிங்க. இப்படி மட்டும் பண்ணாதீங்க.”

“உன்னை எதுக்குடா திட்டணும்?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க மாமா. கண்டுபிடிச்சுட்டீங்க, அதானே? அக்கா, நீயாவது சொல்லு.”

“என்னத்தடா சொல்ல? ரெண்டு பேருக்கும் என்னதான் ஆச்சு?”

“குடை ரெக்கார்டுக்கா. போன மாசம் கேட்டு வாங்கிட்டுப் போனேன்ல. வண்டி சீட்டுல வச்சு மறந்துட்டேன். வெயில்ல வளைஞ்சுபோச்சு. எங்கெங்கயோ அலைஞ்சு அதே மாதிரி ஒண்ணைப் பிடிச்சு, மாமாவோட அட்டைக்குள்ள போட்டுப் போன வாரம் குடுத்துட்டேன். அதே பாட்டு, அதே வரிசை. ஒவ்வொண்ணா சரிபாத்தேன்!”

ரெண்டாம் பக்கத்தார் எழுந்து, பெட்டியிலிருந்து அதை உருவி, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நடுவிலிருந்த வட்டத்தாளில், குழுவின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ‘மோனோ’ என்று இருந்தது. சொந்த வீட்டுப் பெயர்ப்பலகையை யார் தினமும் படித்துவிட்டு உள்ளே நுழைகிறார்கள்? அவரும் படித்திருக்கவில்லை.

கைக்கு அகப்பட்ட வேறொரு ரெக்கார்டைப் போட்டு, ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடினார். அக்காவும் தம்பியும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அவருடைய ஆள்காட்டி விரல் இடது தொடையிலிருந்து கிளம்பி, எதையோ பின்தொடர்வதுபோல, மெல்ல வலது தொடைக்குப் போனது. திரும்பவும் வந்தது. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

“காது போயிடுச்சுன்னு நினைச்சேன்” என்றார். “அப்பாவுக்குப் போன மாதிரி.”

“ஒரு வாரமாவா? என்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

“வெளிய சொல்லிட்டா நெசமாயிடும்னு இருந்துச்சு.”

அவள் காலி அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து அவர் முதுகில் நாலு சாத்து சாத்தினாள். பிறகு அதே பெட்டிமேல் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தம்பிக்குத் தெரியவில்லை.

அதற்குள் ரெண்டாம் பக்கத்தாருக்கு மூச்சு திரும்பிவிட்டது. “ஏன்டா மாப்ள, போயும் போயும் மோனோவா வாங்கிட்டு வந்தே? பாட்டை எண்ணிப் பாத்தானாம், வரிசை பாத்தானாம்! குளியலறையில பாட்டு பாடறவன் கையில ரெக்கார்டைக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்…” அவர் நிறுத்தவேயில்லை. ஒரு வாரத்துப் பேச்சு மடை திறந்து வந்தது. தம்பி தலையைக் குனிந்து, கோடைமழையில் நனைகிறவனைப்போல அதை வாங்கிக்கொண்டான். “அப்பாடா,” என்று அக்காவின் காதோரம் சொன்னான், “மாமா வந்துட்டாரு.”

பெட்டிகளைப் பிரித்து அடுக்கவே மாலையாகிவிட்டது. அப்புறம்தான் தம்பி தயங்கித் தயங்கி வண்டிக்குப் போய், டயர்களுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்ததைக் கொண்டுவந்தான். தூக்கிப்போட மனசு வரவில்லையாம். விளிம்பெல்லாம் அலை அலையாக நெளிந்திருந்தது. இதைப் போட்டால் ஊசி கெட்டுவிடும் என்று ரெண்டாம் பக்கத்தார் அலறினார். “கெட்டா கெடட்டும்” என்று அவள் தானே வைத்து ஓடவிட்டாள். ஊசி ஓர் அலைமேல் ஏறியது, இறங்கியது, அடுத்ததில் ஏறியது. பாடுகிறவனின் குரல் துறைமுகத்துக்கு வெளியே படகில் நின்று பாடுவதுபோல் மேலும் கீழும் போனது. விளக்குப் போடக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்று தலைகளும் ஊசியோடு சேர்ந்து மெல்ல ஏறி, மெல்ல இறங்கிக்கொண்டிருந்தன.

பார்த்துப் போங்கள் கண்ணுகளா. ஒரு பாட்டைவிடப் பெரிய காரணத்துக்காக உங்கள் வீட்டில் சண்டை வராமலிருக்கட்டும். வந்த சண்டையும் பாதியில் சிரிப்பு வந்து நின்றுபோகட்டும்.