கீழிருந்து எடுப்பது

சாமிதுரை அதை விளக்கியபோது அம்மா நீலாம்பாள் கெண்டை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். வடக்கே செம்புச் சுரங்கத்தில் இன்ஜினியர் அவன். அந்தத் தெருவிலிருந்து படித்துப் போன முதல் ஆள். லீவு முடிவதற்குள் தன் முடிவை போனில் சொல்ல வேண்டும். தாதுவை எடுக்க இரண்டு வழி. வெட்டிய இடத்தில் மணலை நிரப்பிக்கொண்டே மேலேறலாம். தரை அசையாது, செலவுதான் அதிகம். இல்லையென்றால் அடியைக் குடைந்துவிட்டு, தாதுவைத் தானாக நொறுங்கி விழவிடலாம்; இதற்கு 'கேவிங்' என்று பெயர். கீழே வாயைத் திறந்து அள்ளிக்கொண்டே இருந்தால் போதும்.

"மேல இருக்கிற தரை?" என்றார் அப்பா ஐயாவு. கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடித்து, ஜெயிலில் கிடந்தவர்.

"எறங்கும்ப்பா. கெடங்குல அடியில நெல்ல உருவுனா மேல குழி விழும்ல, அது மாதிரி."

சொன்ன பிறகுதான் உறைத்தது. நீலாம்பாளின் கை நின்றுவிட்டது. மிராசுதாரின் நெல் கிடங்கில், மூலையில் ஒட்டிய நெல்லைத் தள்ளிவிட இறக்கப்பட்டவள் அவனுடைய அக்கா அம்சவல்லி. அவள் உள்ளே நிற்கும்போதே கீழ்க்கதவைத் திறந்தார்கள். இடுப்பு, கழுத்து, பிறகு தலைமுடி. அந்த நெல் அன்றைக்கே மில்லுக்குப் போனது.

கல்லூரியில் இந்த முறையைப் படமாக வரைந்தபோது, வகுப்பில் முதலில் புரிந்துகொண்டவன் சாமிதுரைதான்.

"அங்க ஆளுங்க இருக்காங்களா?" என்றார் ஐயாவு.

"கொஞ்சம் குடிசைங்க. கூலிக்காரங்க. வேற எடம் குடுத்துருவாங்க."

"நமக்குந்தான் உபரி நெலம் தர்றதா மேடை போட்டுச் சொன்னாங்க."

"நான் மாட்டேன்னா வேறொருத்தன் சரிம்பான். மேனேஜர் வேலை அவனுக்குப் போயிரும்."

நீலாம்பாள் தலை நிமிராமல் கேட்டாள். "அவங்க கெளம்புனப்புறந்தான தெறப்பீங்க?"

"ஆமாம்மா."

அப்படி ஓர் உறுதியை அவனுக்கு யாரும் தந்திருக்கவில்லை.

அவன் வேலைக்குத் திரும்பக் கிளம்பிய அன்று தபால் ஆபீஸுக்குப் போனார்கள். போஸ்ட்மாஸ்டர் நடராசன் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். ஐயாவு வாசலோடு நின்றுகொண்டார். டிரங்க் கால் இரைச்சலாக இருந்தது. "கேவிங், சார்," என்றான் சாமிதுரை. எதிர்முனைக்குக் கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னான். கடைசியில் கத்தினான். ஸ்டாம்பு வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், பெருமையாக.

"ஒம் மவன் என்னமா இங்கிலீஷ் பேசுறாரு, ஐயாவு."

"ஆமாங்க," என்று சொல்லிவிட்டு ஐயாவு பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்த சாமிதுரை கை நீட்டினான். "குடுங்கப்பா, நான் எடுத்துக்குறேன்."

"இருக்கட்டுங்க," என்றார் அப்பா. "நீங்க முன்னால போங்க."

பஸ் நிறுத்தம் வரைக்கும், பண்ணையாருக்குப் பின்னால் ஆட்கள் விடும் அதே இடைவெளியை விட்டு, அவர் நடந்து வந்தார்.