தொடைநடுங்கி வேஷம்

சலூன்காரருக்கு ஊர் வைத்த பெயர் தொடைநடுங்கி. வேறொருவராக இருந்தால் அப்படிக் கூப்பிட்டவன் சட்டையைப் பிடித்திருப்பார். இவரோ அதைப் பட்டம் வாங்கியதுபோல் சுமந்துகொண்டு திரிந்தார். வெளியூர்க்காரன் யாராவது முடிவெட்ட இடம் கேட்டால், "தொடைநடுங்கி சலூனா, நேராப் போங்க" என்று ஊரே வழி சொல்லும். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி.

பெயர் வந்த கதை இதுதான். வருடா வருடம் வெற்றி நாளன்று பள்ளிக்கூட மைதானத்தில் போரின் கடைசிக் காட்சியை நடித்துக் காட்டுவார்கள். முப்பது சொச்சம் வருடங்களுக்கு முன்னால், ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்த எதிரிப்படை இதே பள்ளிக்கூடத்துக்குள் மாட்டிக்கொண்டது. குடிக்கத் தண்ணீர்கூட இல்லாமல் கிடந்து, கடைசியில் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதோடு போர் முடிந்தது. கொடியேற்றம், பேச்சு, பாட்டு எல்லாவற்றையும் ஜனங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே பொறுத்துக்கொள்வார்கள். அவர்கள் காத்திருப்பது வரிசையில் கடைசியாக வரும் எதிரிச் சிப்பாய்க்காக. அவன் கால் பின்னப் பின்ன நடந்து வருவான். நடு மைதானத்தில் நின்று கால்சட்டையை நனைத்துக்கொள்வான். அப்போது எழும் சிரிப்பில் மைக் செட்டே கம்மிப்போகும். அந்தச் சிப்பாய்தான் நம் சலூன்காரர்.

நனைப்பதற்கு அவரே ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். சலூனில் தலைக்குத் தண்ணீர் பீச்சும் பாட்டிலின் ரப்பர் உருண்டையைக் கழற்றி, அதில் மெல்லிய குழாய் ஒன்றைச் சொருகி, ஆறிப்போன டீயை நிரப்பி இடுப்பில் கட்டிக்கொள்வார். முழங்கையால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும். எந்தக் கலைஞனுக்கும் தன் கருவிமேல் இருக்கும் கர்வம் அவருக்கு அந்த ரப்பர் உருண்டைமேல் இருந்தது.

நிஜப் போர் நடந்தபோது அவர் மஞ்சள் காமாலையில் சுருண்டு கிடந்தார். துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை. ஆனாலும் வெற்றி நாளில் அவரைவிட அதிகம் கைத்தட்டல் வாங்கியவர் யாரும் கிடையாது. போரில் ஒரு காலை விட்டுவிட்டு வந்தவர் மேடைக்கு ஏறினால்கூட அதில் பாதி விழாது. இதில் எங்கேயோ கோளாறு இருக்கிறதே என்று மனிதருக்கு ஒருநாளும் உறைக்கவில்லை.

மனைவி மட்டும் ஒரு வருடம்கூட மைதானத்துப் பக்கம் போனதில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தைப் பிடிக்கப் போனதில்தான் அவளுடைய அண்ணன் செத்துப்போனான். "ஊர் ஜெயிச்ச நாளும் எங்கண்ணன் செத்த நாளும் ஒண்ணுதான். நீங்க உங்க நாளக் கொண்டாடுங்க, நான் என் நாளப் பாத்துக்கறேன்" என்பாள். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். அவர் வேஷப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இந்த வருடம் வெற்றி நாளன்று காலையில் வாசலில் சம்பந்தி வந்து நின்றார்.

சம்பந்தி என்றால் இன்னும் முழுதாக ஆகவில்லை. மகன் அக்கரை ஊரில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்க்கப் போன இடத்தில் ஒரு தையல்காரர் மகளைப் பிடித்துப்போயிற்று. இப்போதெல்லாம் பாலத்தில் பஸ்ஸே ஓடுகிறது, பகையை யார் மனதில் வைத்திருக்கிறார்கள் என்று இரண்டு வீடும் சம்மதித்துவிட்டன. கல்யாணத் தேதியைப் பேசி முடிக்க வேண்டும், அவ்வளவுதான். பெண்ணின் அப்பா ஒரு நாள் வருவதாகச் சொல்லியிருந்தார். எந்த நாள் என்று சொல்லவில்லை.

"சொல்லாமக் கொள்ளாம வந்துட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி" என்றார் தையல்காரர். ஒல்லியான ஆள். கழுத்தில் இஞ்ச் டேப் இல்லாமல் என்னவோபோல் இருந்தார். "வருஷம் பூரா மிஷின விட்டு எந்திரிக்க முடியறதில்ல. எங்க ஊர்ல இன்னிக்கு மட்டுந்தான் எல்லாக் கடையும் அடைப்பு. அதான் பஸ் ஏறிட்டேன்."

"இன்னிக்கு என்ன விசேஷம் அங்க?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார் சலூன்காரர்.

தையல்காரர் செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தார். கேட்டவருக்குப் பிறகுதான் மண்டையில் ஏறியது. இங்கே தோரணம் கட்டும் நாளில் அங்கே கடையை அடைத்துத் துக்கம் கொண்டாடுகிறார்கள். ஒரே தேதி. சலூன்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சமையலறையில் மனைவி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இன்னிக்குப் போகாதீங்க. காய்ச்சல்னு சொல்லியனுப்புங்க."

"அதெப்படி? ஊரே காத்துக்கிட்டு இருக்கும்."

"வீட்ல ஒரு மனுஷன் வந்து உக்காந்திருக்காரு. அந்த ஊர் மனுஷன். உங்களுக்குச் சொரணையே கெடையாதா?"

"அவருக்குத் தெரியவா போகுது? நீ பேச்சுக் குடுத்துக்கிட்டு இரு. நான் போனதும் தெரியாம வந்ததும் தெரியாம முடிச்சுட்டு வந்துடறேன். சரி, இந்தத் தடவ நனைக்கல. சும்மா நடந்து போயிட்டு வந்துடறேன், போதுமா?"

அவள் கையை விட்டுவிட்டாள். அந்தப் பேச்சை அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

இந்த ஏற்பாட்டையும் கெடுத்தவர் மரக்கடைக்காரர். விழாக் கமிட்டிக்கு அவர்தான் தலை. நல்ல மனிதர்தான், ஆனால் யார் வீட்டில் என்ன என்று பார்க்காமல் புகுந்து உபசரிப்பவர். சலூன்காரர் பின்வாசல் வழியாக மைதானத்துக்கு நழுவிய கையோடு முன்வாசல் வழியாக வந்து சேர்ந்தார். "சம்பந்தி வந்திருக்காராமே! வீட்ல உக்காந்து சுவத்தையா பாத்துக்கிட்டிருப்பாரு? வாங்க சார், முன்வரிசையில சேர் போட்டிருக்கு. உங்க சம்பந்திதான் இன்னிக்கு ஹீரோ" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். பெண்ணைக் கொடுக்கப்போகிற வீடு. அவர்கள் ஊர்ப் பெரிய மனிதர் கூப்பிட்டு எப்படி மாட்டேன் என்பது? தையல்காரர் எழுந்து போனார்.

பள்ளிக்கூடக் கதவிடுக்கு வழியாகச் சலூன்காரர் மைதானத்தை எட்டிப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது அவர்தான். முன்வரிசையில், நாற்காலி நுனியில், கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சலூன்காரர் கதவிடுக்கைவிட்டு விலகி நின்றார். நனைக்கக் கூடாது, நனைக்கவே கூடாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். இடுப்பில் கட்டியிருந்த உருண்டையை அவிழ்த்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. இதை நான் எடுத்துச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

கதவு திறந்தது. எதிரிச் சிப்பாய்கள் கையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே போனார்கள். கடைசியாக அவர் போனார். நடுங்கவில்லை, தடுமாறவில்லை. பாலத்தில் பஸ்ஸுக்குப் போகிறவர்போல் சும்மா நடந்தார். கூட்டம் ஒரு கணம் முழித்தது. அப்புறம் எங்கிருந்தோ ஒரு குரல், "என்னய்யா, தொடைக்கு உடம்பு சரியில்லையா?" என்றது. இன்னொன்று, "வயசாயிடுச்சு, ஆள மாத்துங்கப்பா!" என்றது. பின்வரிசையில் ஒருவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு கிளம்பினார்.

ஆள மாத்துங்க. அந்த வார்த்தைதான் அவரைக் கவிழ்த்தது. சம்பந்தி, மனைவி, கொடுத்த வாக்கு எல்லாம் எங்கே போனதோ தெரியாது. கால் தானாகப் பின்னியது. முழங்கை தானாக அழுத்தியது. கால்சட்டை முன்பக்கம் கருத்து, டீ வழிந்து மண்ணில் சொட்டியது. கூட்டம் வெடித்துச் சிரித்தது. போனவர் திரும்பி ஓடிவந்து உட்கார்ந்தார். சலூன்காரருக்கு வெறி ஏறிவிட்டது. எந்த வருடமும் செய்யாததை அன்று செய்தார். மண்டியிட்டுத் தவழ்ந்து போய், ஜெயித்த பக்கத்துத் தளபதியாக நின்றவனின் பூட்ஸை முத்தமிட்டு, "அம்மா, அம்மா" என்று சின்னக் குழந்தைபோல் அழுதார். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டார்கள்.

பூட்ஸிலிருந்து முகத்தை எடுத்தபோது முன்வரிசை தெரிந்தது. மரக்கடைக்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தையல்காரர் கைதட்டிக்கொண்டிருந்தார்.

எழுந்து போயிருந்தால் பரவாயில்லை. முகத்தில் காறித் துப்பியிருந்தாலும் தாங்கிக்கொண்டிருப்பார். மனிதர் கைதட்டினார். முகத்தில் சிரிப்பும் வைத்திருந்தார். பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளை வீட்டில் வைத்துக்கொள்ளும் அதே சிரிப்பு. சலூன்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது.

வீட்டுக்கு இருவரும் சேர்ந்துதான் நடந்தார்கள். வழியெல்லாம் ஆளாளுக்கு முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். தையல்காரர் அந்தச் சிரிப்பை மாற்றவே இல்லை. உள்ளே நுழைந்ததும் மனைவி கணவரின் கால்சட்டையைப் பார்த்தாள். ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டிருக்கும். விருந்தாளிக்கு மட்டும் டீ கொண்டுவந்து வைத்தாள்.

"நல்லா நடிச்சீங்க சம்பந்தி" என்றார் தையல்காரர்.

"வந்து… அது… சும்மா வருஷா வருஷம்…"

"இல்ல, நெஜமாவே. அந்த நடுக்கம் அப்படியே இருந்துச்சு." டம்ளரை எடுத்தார். குடிக்காமல் வைத்தார். "ஆனா சிரிப்புதான்… அன்னிக்கு யாரும் சிரிக்கல."

டீ வைத்துவிட்டு உள்ளே போன மனைவி திரும்பி வந்தாள்.

"எங்க ஆளுங்கள்ல ஒரு பையன். பத்தொம்போது வயசு. வெளிய வந்தப்ப நனைச்சுட்டான். பயம் பாதி, ஒடம்பு முடியாதது பாதி. ரெண்டு பக்கமும் துப்பாக்கி வெச்சிருக்கவங்க நிக்கறாங்க. ஒருத்தர்கூடச் சிரிக்கல. உங்க பக்கத்துச் சிப்பாய் ஒருத்தர் கிட்ட வந்தாரு. தன்னோட சட்டையக் கழட்டி அந்தப் பையன் இடுப்பச் சுத்திக் கட்டி, முன்னால முடிச்சுப் போட்டு விட்டாரு. யாரும் பாக்காம இருக்கட்டும்னு. எதுவும் பேசல. அப்புறம் வரிசை நகந்துடுச்சு."

மனைவி ஒரு எட்டு முன்னால் வந்தாள். "அண்ணே, அவரு எப்படி இருந்தாரு? நெத்தியில தழும்பு இருந்துச்சா? எங்கண்ணனும் அன்னிக்கு அங்கதான்… எந்த நேரத்துல அவன் உசுரு போச்சுன்னுகூட எங்களுக்குச் சரியாத் தெரியாது."

தையல்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பொய் சொல்லி அந்தப் பெண்ணைத் தேற்றலாமா என்று ஒரு கணம் யோசித்ததுபோல் இருந்தது.

"தெரியலம்மா" என்றார். "முடிச்சுப் போடற கை மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. நான் தலையத் தூக்கல."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கே புரிந்தது. காது வரை சிவந்துபோனார். எந்தப் பையன் என்று இனி யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சலூன்காரர் அப்படியே சம்பந்தியின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். டீ நனைந்த கால்சட்டை தொடையோடு ஒட்டிக் குளிர்ந்தது. இத்தனை வருடம் வாங்கிய ஒவ்வொரு கைத்தட்டலும் இந்த ஒல்லி மனிதரின் முதுகில் விழுந்த அடி என்று அவருக்குத் தெரிந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை வாய்வரை வந்தது. பூட்ஸை முத்தமிட்ட அதே வாயால் அதைச் சொல்ல நாக்கூசியது.

"சம்பந்தி" என்றார் கடைசியில். "சத்தியமாச் சொல்றேன், இனிமே இந்த வேஷத்தத் தொட மாட்டேன். இன்னிக்கே போய் மரக்கடைக்காரர்கிட்டச் சொல்லிடறேன்."

தையல்காரர் பதறிப்போய் நாற்காலியிலிருந்து இறங்கினார். வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சலூன்காரரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, அப்படியெல்லாம் பண்ணிடாதீங்க. இத்தன வருஷமாப் போட்டவரு, நான் வந்துட்டுப் போனதும் நிறுத்தினா ஏன்னு தோண்டித் துருவுவாங்க. ஒரு நாளு தெரிஞ்சுடும். என் பொண்ணு இந்த ஊர்லதான வாழணும்?" பிடித்த கையை விடவில்லை. "போடுங்க சம்பந்தி. வருஷா வருஷம் போடுங்க. அவளுக்கே இது தெரியாது."

சலூன்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சரி என்று அவர் தலையாட்டினார்.